நாலு நாற்பத்தொன்பதுக்குப் பிறகு ஐந்து

நிஸ்றாவுக்கு அருவருப்பு வந்தால் அடிநாக்கில் புளிப்பு ஊறும். ரமழான் இருபத்துநாலாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, காத்தான்குடியில் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்த வேலையறையில், அவளுடைய அண்ணன் ஷிஹான் காக்கா சிரித்துச் சிரித்து ஒரு கதை சொல்லி முடித்தபோதும் அது ஊறியது. கதை தொடங்கும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நிண்டுகொண்டே தூங்கியிரிக்கார் புள்ள! நாலு நாளும்! நாலு நாப்பத்தொம்பதுண்டு போர்டுல பாத்தாராம். கண்ண மூடித் துறந்தா அஞ்சு மணியாம். ஸுபஹு பாங்கு ஆறு நிமிசம் பிந்திப் போச்சு. இஃதிகாப்ல பள்ளியிலயே தங்கியிரிந்த பதினாலு பேரும் அஞ்சு மணி மட்டும் புட்டும் வாழப்பழமும் திண்டிரிக்காங்க. நாலு நோன்பும் களா, திரும்பப் புடிக்கணும்!"

"ஆரு?"

"ஸாஹிர் மோதினார்தான். ஓட்டமாவடிக்கு அங்கால, அந்த வயல் வட்டைக்குள்ள இரிக்கிற பள்ளியில பாங்கு சொல்றவர். இண்டைக்கு அஸருக்குப் பொறகு கூட்டமாம். ஆள வேலையால அனுப்பப்போறாங்க."

"நாலு நாளும் நாலு நாப்பத்தொம்பதா காக்கா?"

"ஓம், நாலு நாளும். அதுதானே பகிடி."

நிஸ்றா பகிடியை விட்டுவிட்டாள். தூங்குகிற மனிதன் ஒரு நாள் நாலு நாற்பத்திரண்டுக்குத் தூங்குவான், மறுநாள் நாலு ஐம்பத்தொன்றுக்குத் தூங்குவான். நாலு நாளும் ஒரே நிமிடத்தில் தூங்கி, ஒரே நிமிடத்தில் விழிக்க மாட்டான். அப்படி ஒழுங்காகப் பிழை செய்வது இயந்திரம் ஒன்றுதான். அந்த இயந்திரத்துக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அண்ணனும் தங்கையும் பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நேரப் பலகை செய்து விற்கிறார்கள். கத்தாரில் ஆறு வருடம் மின்வேலை பார்த்துவிட்டு வந்த ஷிஹான் பெட்டியையும் கம்பியையும் விற்பனையையும் பார்த்துக்கொள்வான். உள்ளே ஓடும் நிரல் முழுவதும் நிஸ்றாவினுடையது. பலகையில் இருக்கும் சிப் மிகச் சிறியது, மலிவானது. பெரிய கணினிகளுக்கென்று செய்த வரைகலைத் தொகுதிகளை அதில் போட்டால் மூச்சுத் திணறிவிடும். ஆகவே எட்டு மாதம் உட்கார்ந்து அவளே இலேசான ஒன்றை எழுதினாள்.

திரை என்பது ஆயிரக்கணக்கான சிறு ஒளிப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிப்பின் நினைவகத்தில் ஓரிடம் உண்டு. அங்கே இருக்கும் எண்ணை மாற்றினால் புள்ளியின் நிறம் மாறும். அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே திரையில் கடிகாரம் இருக்கிறது, ஐந்து வேளைத் தொழுகை நேரம் இருக்கிறது, ஹிஜ்ரித் திகதி இருக்கிறது, அறிவித்தல் ஓடுகிறது. எல்லாரும் தத்தம் இஷ்டத்துக்கு எண்களை மாற்றத் தொடங்கினால் திரை சந்தைக்கடையாகிவிடும். யார் எதை எப்போது மாற்றலாம் என்று வகுத்து வைப்பதுதான் வரைதல் இடைமுகம் என்பது.

நிஸ்றா அதை ஒரு கல்யாண வீட்டு ஸஹனைப் பார்த்து வகுத்தாள். ஒரு பெரிய தட்டில் சோறு. சுற்றி ஐந்தாறு பேர். அவரவர் தமக்கு முன்னால் உள்ள பக்கத்தில் அள்ளிச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவதைப்போல அநாகரிகம் வேறில்லை. அதேபோல, அவளுடைய தொகுதியில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நிரப்பு, கோடு போடு, எழுது, படம் வை, எல்லை சொல் என்று ஐந்தே ஐந்து கட்டளைகள். எல்லைக்கு வெளியே கை நீட்டினால் தொகுதியே கையை வெட்டிவிடும்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் அதில் இருந்தது. பெரிய கணினியில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பிரதி வைத்துக்கொள்ள நினைவகம் தாராளமாக உண்டு. ஒன்று இன்னொன்றை மறைத்து விலகினால், மறைந்ததைப் பிரதியிலிருந்து எடுத்துப் போடலாம். இந்தச் சிப்பில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே மறைத்தவர் விலகியதும் தொகுதி கடிகாரத்தைக் கூப்பிட்டு, "உன் பக்கம் அழுக்காகிவிட்டது, முழுவதையும் திரும்ப வரை" என்று சொல்லும். மற்ற நேரங்களில் கடிகாரம் மாறிய இலக்கத்தை மட்டும் வரையும். நாலு முப்பத்திரண்டு நாலு முப்பத்துமூன்று ஆனால் கடைசி இலக்கம் மட்டும். மின்சாரமும் மிச்சம், சிப்பும் சூடாகாது. சுத்தமான வேலை.

இப்படிச் சுத்தமாக இருந்ததை நாறப்பண்ணியது ஆறாவது கட்டளை.

அந்த ஓட்டமாவடிப் பள்ளியின் தலைவர் நஸீர் ஹாஜியார் புடைவைக் கடை வைத்திருக்கிறார். கடைசிப் பத்து நாள் இஃதிகாப் இருப்பவர்களுக்கு, விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாடு அவருடைய அனுசரணை. ஆகவே ஸஹர் முடிவதற்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, சாப்பிடுகிறவர்களின் கண்ணுக்கு முன்னால், அவருடைய கடையின் படம் மூன்று நிமிடம் பலகை முழுவதும் ஓட வேண்டும் என்று கேட்டார். ஷிஹான் தலையாட்டிவிட்டு வந்தான். நிஸ்றாவின் கட்டளைகளில் படம் வழுக்கிக்கொண்டு ஓடவில்லை, விக்கி விக்கி வந்தது. இரண்டு கிழமை அரித்தெடுத்தான். தாங்க முடியாமல் அவள் ஆறாவது கட்டளை ஒன்று எழுதிக் கொடுத்தாள்: திரையைத் தா. அதைக் கூப்பிட்டால் நினைவகம் முழுவதும் கைக்கு வந்துவிடும். எல்லையும் இல்லை, கேள்வியும் இல்லை.

மிகுதியை ஷிஹானே எழுதினான். அவன் எழுதியதை அவள் இன்றைக்குத்தான் திறந்து வாசித்தாள்.

படம் தொடங்குமுன் திரையில் இருப்பதை அப்படியே ஒரு மூலைக்குப் பிரதி எடுக்கிறான். அந்த இடத்துக்காக, அவள் வாரக்கணக்கில் யோசித்துச் சேமித்த நினைவகத்தை மொத்தமாக வழித்திருக்கிறான். படம் முடிந்ததும் அந்தப் பழைய பிரதியைத் திரும்பத் திரைமேல் அப்பிவிடுகிறான். தொகுதிக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

வாயில் போட்டு மென்றதைத் துப்பி ஸஹனின் நடுவில் வைத்துவிட்டு, "இந்தாங்க, சாப்பிடுங்க" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"என்ன மூஞ்ச சுளிக்காய்? வேல செய்யுதுதானே?" என்றான் ஷிஹான்.

நிஸ்றா மேசையிலிருந்த சோதனைப் பலகையின் நேரத்தை நாலு நாற்பத்தேழுக்குத் திருப்பினாள். ஒரு நிமிடத்தில் ஹாஜியாரின் படம் வந்தது. மணப்பெண் ஒருத்தி, தங்கநிறச் சேலை, கடையின் பெயர், விலைக்கழிவு. அது இடமிருந்து வலம் வழுக்கி, மறுபடி வலமிருந்து இடம் வழுக்கியது. அடியில் கடிகாரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நாலு ஐம்பது ஆனபோது ஐந்தையும் சைபரையும் வரைந்தது. வரைந்த கையோடு சேலை அதன்மேல் ஓடி அழித்தது.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் படம் விலகியது. பலகை 4:48 என்றது. பழைய பிரதி.

அடுத்த நிமிடம் கடிகாரம் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றியது. நடு இலக்கத்தைத்தான் ஏற்கெனவே ஐந்தாக்கிவிட்டோமே என்பது அதன் நினைப்பு. அதன்மேல் பழைய நாலு அப்பப்பட்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? பலகை 4:42 என்றது. பிறகு 4:43. ஸுபஹு நேரமான நாலு ஐம்பத்துநாலில் 4:44 என்று நிம்மதியாகக் காட்டியது. நிமிடத்துக்கு நிமிடம் இலக்கம் மாறுவதால் நின்றுபோன கடிகாரம் என்று எவருக்கும் சந்தேகம் வராது. 4:49 வந்தது. அடுத்த நிமிடம் எல்லா இலக்கங்களும் ஒருசேர மாற, 5:00.

"தூங்கல்ல காக்கா அவர்," என்றாள் நிஸ்றா. "நம்முட போர்டுதான் பொய் சொல்லிரிக்கி."

ஷிஹான் பலகையைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது.

"சரி. ரெண்டு வரிதானே. திருத்திப் போட்டு நாளைக்கு நான் போய்ச் சத்தமில்லாம மாத்திட்டு வாறன்."

"மோதினார்?"

"அவருக்கென்ன? ஏற்கெனவே சீனி வருத்தம். வயசும் போச்சு. எப்பிடியும் அனுப்பத்தான் இரிந்தாங்க."

"காக்கா, அவர் தூங்கல்ல."

"இஞ்ச பாரு புள்ள. பெருநாளைக்குப் பொறகு பதினெட்டுப் பள்ளி கேட்டிரிக்கி. பதினாலு பேர்ட நோன்ப முறிச்ச போர்டுண்டு பேர் வந்தா ஆரு வாங்குவான்? நோன்பு களா செய்யச் சொல்லியாச்சு, அவங்க செய்வாங்க. அல்லாஹ் மன்னிப்பான். மறுகா என்ன?"

"அல்லாஹ் உங்களுக்கிட்ட வந்து சொன்னானா, ஷிஹான்ட ரெண்டு வரிய நான் மன்னிச்சிட்டேண்டு?"

"ஆறாவத நீதானே எழுதித் தந்தாய்?"

அது சரியாகக் குத்தியது. எட்டு மாதம் பூட்டுப் போட்டுப் பூட்டுப் போட்டுக் கட்டிய வீட்டில், நச்சரிப்புத் தாங்காமல் பின்சுவரில் ஓட்டை போட்டுக் கொடுத்தவள் அவள்தான். தன்மேல் வந்த அருவருப்பு காக்காமேல் வந்ததை விடக் கூடுதலாக இருந்தது. அவள் சோதனைப் பலகையின் கம்பியைக் கழற்றி, சோறு ஆக்கும் குக்கர் வந்த பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள்.

"எங்க போறாய்?"

"அஸருக்கு முன்ன அங்க நிக்கணும்."

"நான் வரமாட்டன்."

"உங்கள ஆரு கூப்பிட்ட?"

ஓட்டமாவடி பஸ்ஸில் கருவாட்டு மூட்டையொன்று நடுவழியில் கிடந்தது. மடியில் பெட்டி, மூக்கில் கருவாடு, நாக்கில் புளிப்பு. மட்டக்களப்பைக் கடந்து, ஏறாவூரைக் கடந்து, வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள். "ஹாஜியார், பிழை எங்கட." அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் பின்னால் "ஆனாலும்" என்று ஒரு வால் முளைத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அதை நறுக்கினாள்.

பள்ளி, அறுவடை முடிந்த வட்டைகளுக்கு நடுவே, ஐம்பது வீடுகளுக்கு ஒரே பள்ளியாகத் தனியே நின்றது. வேறு பள்ளியின் பாங்கு அங்கே எட்டாது. இஃதிகாப் இருப்பவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு வருவது அவர்களுடைய வழக்கம். முன்பு சுவரில் ஒரு மணிக்கூடு இருந்ததாம். புதுப் பலகைக்கும் அதற்கும் ஒரு நிமிடம் வித்தியாசம் வந்து, எதைப் பார்த்துத் தொழுவது என்று சண்டை மூண்டதால், தலைவர் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிவிட்டார். ஒரு பள்ளிக்கு ஒரு நேரம்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

அலுவலகம் வாசலோரம் தனி அறையாக இருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து நஸீர் ஹாஜியாரும் நிருவாகத்தினர் நால்வரும் கதிரைகளில் இருந்தார்கள். ஸாஹிர் மோதினார் கதவோரம் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த மனிதர். கையில் ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தார்.

"ரெண்டாம் நாள் உக்காரவே இல்ல ஹாஜியார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நிண்டன். மூணாம் நாள் மூஞ்சியில தண்ணி அடிச்சன். இண்டைக்குக் கையக் கிள்ளிக்கொண்டே போர்டப் பாத்தன். அப்பிடியும் பத்து நிமிசம் எங்கயோ போயிட்டு. டொக்டர் தலையப் படம் புடிக்கச் சொல்லிரிக்கார். அதுமட்டும் பொறுங்க."

"தல சரியில்லாத ஆள வெச்சிக்கிட்டு பாங்கு சொல்ல ஏலுமா?" என்றார் ஒருவர்.

"ரேடியோவுல பாங்கு முடிஞ்சி ஆறு நிமிசத்துக்குப் பொறகு நம்முட பாங்கு. ஊரே சிரிக்கி," என்றார் இன்னொருவர். "போர்டுக்குத் தூக்கம் வருமா? மனிசனுக்குத்தான் வரும்."

நிஸ்றா ஸலாம் சொல்லி உள்ளே வந்தாள். பெட்டியை மேசையில் வைத்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துபோயிற்று.

"அவர் தூங்கல்ல. போர்டுதான் பிழ. நான்தான் அத எழுதின ஆள்."

ஹாஜியார் அவளையும் குக்கர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஷிஹான்ட தங்கச்சியா? ஷிஹான் இப்பதானே போன் எடுத்தார்? போர்டுல ஒரு கொறையுமில்ல, தங்கச்சிக்கு நோன்புக் களைப்பு, ஏதும் சொன்னாக் காதுல போடவேணாமெண்டு?"

அடிநாக்குப் புளிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"என்ட பேச்ச நம்ப வேணாம் ஹாஜியார். கண்ணால பாருங்க. பதினாலு நிமிசம் போகும்."

பலகைக்குக் கம்பி கொடுத்து, நேரத்தை நாலு நாற்பத்தாறுக்கு வைத்தாள். உங்கள் கைபேசியிலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். வெளியே வைக்கோல் பொசுங்கும் மணம் வந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் இஃப்தாருக்குக் கஞ்சி எத்தனை குடம் என்று கணக்குக் கேட்டார். இரண்டு நிமிடத்தில் தங்கநிறச் சேலை திரையை நிறைத்தது. ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"நல்ல தெளிவு," என்றார்.

நிஸ்றா விளக்கினாள். அவளால் விளக்காமல் இருக்க முடியாது. எது பழைய பிரதி, எந்த இலக்கத்தைக் கடிகாரம் வரைந்தது, எதை வரைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விட்டுவிட்டது என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். நிருவாகத்தினர் பாதியில் கவனம் விட்டார்கள். கதவோரம் நின்ற மனிதர் விடவில்லை. அவர் ஓரடி உள்ளே வந்திருந்தார். பிறகு இன்னோரடி.

4:48. பிறகு 4:42.

"கீழ போகுது," என்றார் ஸாஹிர் மோதினார் மெதுவாக.

"ஓம். உங்களுக்கு இது தெரியல்லயா?"

"படம் போற நேரம் நான் எல்லாருக்கும் தேத்தண்ணி குடுக்கிற. வந்து பாத்தா நாப்பத்திரண்டு. இன்னும் நேரம் கெடக்கெண்டு ரெண்டாவது கோப்பையும் ஊத்திக் குடுப்பன்."

4:47. 4:48. 4:49. கைபேசிகள் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. பலகை கண் சிமிட்டியதுபோல் மாறி ஐந்து மணி என்றது. அதே கணத்தில் ஒருவர் தன் கைபேசியைப் பார்த்து, பதினாலு நிமிடம் சரியாகப் போயிருக்கிறது என்றார்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். நிஸ்றா காத்திருந்தாள். மோதினாரிடம் யாராவது ஒரு சொல் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"அப்ப," என்றார் ஹாஜியார், "படத்த எடுக்கத் தேவல்லதானே மகள்? அந்தப் பிழைய மட்டும் திருத்தினாப் போதும்?"

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். பதினாலு பேரின் நாலு நோன்பு, ஒரு மனிதனின் பிழைப்பு, அவன் தலைக்குள் இல்லாத ஒரு நோய். எல்லாம் கேட்ட பிறகு அந்த வாயிலிருந்து வந்தது இதுதான்.

"படம் இனி என்ட போர்டுல போகாது," என்றாள். "அந்தக் கட்டளய இண்டைக்கே அழிக்கன். ஷிஹான் காக்கா வேற என்ன சொன்னாலும் போகாது. புதுசாக் கேட்டிரிக்கிற பதினெட்டுப் பள்ளிக்கும் போகாது."

"கோவிக்காதீங்க மகள். கேட்டதுதான்."

"ஸாஹிருட விசயம்?" என்றார் ஒரு நிருவாகி.

"இரிக்கட்டும், இரிக்கட்டும்," என்று ஹாஜியார் கையை வீசினார், ஈயை விரட்டுவதுபோல. "ஆனா அவரும் கொஞ்சம் யோசிச்சிரிக்கலாம். நாலு நாள் ஒரே மாதிரி நடந்தா சந்தேகப்பட வேணாமா? ஸலவாத் சொல்லிக் கலைவம். கஞ்சிக்கு நேரமாகுது."

அவர்கள் போனார்கள். போகிற போக்கில் ஒருவர் மோதினாரின் தோளில் தட்டினார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வராமலே கூட்டம் முடிந்தது.

நிஸ்றா பலகையின் கம்பியைக் கழற்றக் கை வைத்தாள். வேண்டாம் என்பதுபோல் ஸாஹிர் மோதினார் கையை உயர்த்தினார். ஹாஜியார் இருந்த கதிரையை இழுத்து, பலகைக்கு ஒரு முழ தூரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாலு பேருட்டயும் ஒவ்வொரு ஆளாப் போய்க் காலப் புடிக்காத கொறையா மன்னிப்புக் கேட்டிரிக்கன் மகள். தூங்கினதுக்கு."

"எனக்கு விளங்குது மாமா. பிழ என்டது. நான்தான் அந்தக் கதவத் துறந்து குடுத்த."

அவர் அவளை மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் துண்டை மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"முதல்ல இரிந்து இன்னொருக்காப் போடுங்க," என்றார். "இந்த முற நான் கண்ணச் சிமிட்டாமப் பாக்கணும்."

நிஸ்றா நேரத்தை மறுபடி நாலு நாற்பத்தாறுக்குத் திருப்பினாள்.